மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு முறை

1983 செப்டம்பர் 7 அன்று அயர்லாந்து மக்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். கருவில் இருக்கும் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்று அரசியல் சட்டத்தில் எழுதலாமா என்பது கேள்வி. எழுதலாம் என்றவர்கள் 66.9 சதவீதம். 2018 மே 25 அன்று அதே நாட்டில் மறுபடி வாக்குப்பதிவு நடந்தது. எழுதியதை எடுத்துவிடலாமா என்பது இந்த முறை கேள்வி. எடுத்துவிடலாம் என்றவர்கள் 66.4 சதவீதம். இரண்டுக்கும் நடுவில் 35 வருடம்.

கருக்கலைப்பு பற்றி எந்த நாடு என்ன நினைக்கிறது என்று கருத்துக்கணிப்பு வரும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்கள்தான் முதலில் ஞாபகம் வரும். ஸ்வீடனில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆதரவு, நைஜீரியாவில் பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை என்று ப்யூ ஆய்வு மையம் வரைபடம் போட்டுக் காட்டுகிறது. அதைப் பார்த்தால் உயரம், நிறம் மாதிரி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிறவிக் கருத்து இருப்பதாக எண்ணத் தோன்றும். அயர்லாந்தின் கதையைக் கொஞ்சம் படித்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

அங்கே மனம் மாறியதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் கத்தோலிக்கத் திருச்சபையின் செல்வாக்குச் சரிந்தது. பாதிரியார்கள் குழந்தைகளைச் சீரழித்த செய்திகள் தொண்ணூறுகளில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன, கோவிலுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். உண்மைதான். ஆனால் நம்பிக்கை தளர்ந்த எல்லா நாடும் இப்படி மாறிவிடவில்லை. அயர்லாந்தில் நடந்த இன்னொன்றைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொன்னார்கள், ஊர் அதை உட்கார்ந்து கேட்டது.

அந்தப் பேச்சு ஒரு சாவில் தொடங்கியது. திருத்தம் நிறைவேறி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1984 ஜனவரி 31, லாங்ஃபோர்டு மாவட்டத்தில் கிரானார்டு என்ற சின்ன ஊர். பள்ளிச் சீருடையில் இருந்த 15 வயதுப் பெண் ஒருத்தி, ஊர் ஓரத்தில் இருந்த மாதா கெபியில் தனியாகக் கிடந்து பிள்ளை பெற்றாள். பிள்ளையும் போனது, அன்றைக்கே அவளும் போனாள். அவள் கர்ப்பமாக இருந்தது யாருக்கும் தெரியாது என்றது ஊர். சில வாரம் கழித்து, கே பைர்ன் என்ற புகழ்பெற்ற வானொலித் தொகுப்பாளர் தன் காலை நிகழ்ச்சியில் கடிதம் படிக்க ஆரம்பித்தார். எல்லாம் அந்தச் செய்தியைக் கேட்ட பெண்கள் எழுதியவை. குளியலறையில் பெற்றவள், வயலில் பெற்றவள், முப்பது நாற்பது வருடமாகக் கணவனிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தவள் என்று ஒவ்வொரு கடிதமும் ஒரு வாழ்க்கை. சமையலறையில் ரேடியோவைப் போட்டுவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த நாடு முழுக்க அதைக் கேட்டது.

அதற்காக அடுத்த வருடமே சட்டம் மாறிவிடவில்லை. 1992ல் பலாத்காரத்தால் கருவுற்ற 14 வயதுச் சிறுமி கலைப்பதற்காக இங்கிலாந்துக்குப் போகக் கூடாது என்று அரசே நீதிமன்றத்தில் தடை வாங்கியது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. தற்கொலை செய்துகொள்ளும் ஆபத்து இருப்பதும் தாயின் உயிருக்கான ஆபத்துதான் என்றது. அதே ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்து, வெளிநாடு போவதைத் தடுக்கக் கூடாது, தகவல் சொல்வதைத் தடுக்கக் கூடாது என்று இரண்டு திருத்தம் சேர்த்தார்கள். இங்கே செய்யாதே, வேண்டுமானால் கப்பலேறிப் போ என்பதுதான் அதன் அர்த்தம். போனார்கள். 2016ல் மட்டும் இங்கிலாந்து, வேல்ஸ் மருத்துவமனைகளில் அயர்லாந்து முகவரி கொடுத்த பெண்கள் 3,265 பேர். முகவரியை மாற்றிக் கொடுத்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

பிறகு சவிதா. பெலகாவியில் இருந்து போன பல் மருத்துவர், 31 வயது, 17 வாரக் கர்ப்பம். 2012 அக்டோபர் 21 அன்று முதுகுவலி என்று கால்வே பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனார். கரு தங்காது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆசை ஆசையாகக் காத்திருந்த பிள்ளை. தங்காது என்று உறுதியானபின், முடித்துவிடுங்கள் என்று அவர் கேட்டார். இதயத்துடிப்பு இருக்கும்வரை முடியாது என்றார்கள். இது கத்தோலிக்க நாடு என்று ஒரு மகப்பேறு செவிலியர் சொன்னார். பின்னால் மரண விசாரணையில் அவரே அதை ஒப்புக்கொண்டார். புண்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, இங்கே நிலைமை இப்படி என்று விளக்கத்தான் சொன்னேன் என்றார். நான் ஐரிஷ்காரியும் இல்லை, கத்தோலிக்கரும் இல்லையே என்று சவிதா கேட்டதாகக் கணவர் சொன்னார். 24ஆம் தேதி துடிப்பு நின்றது. அதற்குள் ரத்தத்தில் நச்சு ஏறிவிட்டிருந்தது. 28ஆம் தேதி இறந்துபோனார். கண்காணிப்பில் கோளாறு நடந்ததையும், நோய்த்தொற்றின் அறிகுறிகளைக் கவனிக்கத் தவறியதையும் விசாரணை அறிக்கை பதிவு செய்தது. அதை மறைப்பதில் நியாயமில்லை. ஆனால் கேட்ட அன்றைக்கே செய்திருந்தால் அந்தக் கோளாறுகளுக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

2016ல் அயர்லாந்து நாடாளுமன்றம் ஒரு காரியம் செய்தது. தங்களால் முடிவெடுக்க முடியாத விஷயத்தை 99 சாதாரணக் குடிமக்களிடம் கொடுத்தார்கள். வயது, பாலினம், ஊர் எல்லாம் பார்த்து வாக்காளர்களில் இருந்து குலுக்கல்போல எடுத்த ஆட்கள். தலைமைக்கு உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லாஃபாய். டப்ளினுக்கு வெளியே மாலஹைடில் ஒரு ஹோட்டலில் வட்ட மேசைகளைப் போட்டு, ஐந்து வார இறுதிகள் இந்த ஒரு விஷயத்துக்காக உட்கார்ந்தார்கள். மருத்துவர், வழக்கறிஞர், அறவியல் படித்தவர்கள் பேசினார்கள். இரண்டு தரப்பு இயக்கங்களும் வாதாடின. பொதுமக்கள் அனுப்பிய மனுக்கள் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டின. கலைத்த பெண்கள், கலைக்காமல் பெற்ற பெண்கள் ஆகியோரின் குரல்களை ஒலிப்பதிவில் கேட்டார்கள். முகம் கிடையாது, பேர் கிடையாது, குரல் மட்டும். 2017 ஏப்ரலில் வாக்கெடுத்தபோது, காரணம் கேட்காமலே அனுமதிக்கலாம் என்றவர்கள் 64 சதவீதம். இவர்கள் நாட்டைவிட ரொம்ப முன்னால் போய்விட்டார்கள், ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்று அரசியல்வாதிகள் பலர் பயந்தார்கள். ஒரு வருடம் கழித்து ஜனங்கள் கொடுத்தது 66.4.

இந்த 64ம் 66ம் என்னை இன்றைக்கும் உலுக்குகிற எண்கள். ஹோட்டல் அறையில் ஐந்து வார இறுதிகளில் 99 பேர் நடந்து முடித்த தூரத்தை, வெளியே ஒரு நாடு 35 வருடத்தில் நடந்து அங்கேயே வந்து சேர்ந்திருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் மட்டும்தான் பெரும்பான்மையாக எதிர்த்தார்கள் என்று வாக்குப்பதிவு நாள் கணிப்புகள் காட்டின. தொகுதிகளில் டோனகல் ஒன்றுதான் எதிர்ப்பக்கம் நின்றது. டப்ளினில் போர்டோபெல்லோ பகுதிச் சுவரில் வரைந்திருந்த சவிதாவின் முகத்தைச் சுற்றி, ஓட்டுப் போட்டு வந்தவர்கள் சின்னச் சின்னக் காகிதம் ஒட்டினார்கள். மன்னித்துக்கொள் என்று எழுதியிருந்தது நிறையக் காகிதங்களில்.

பொதுவாகக் கேட்டால் ஒரு பதில், ஒருத்தியைக் காட்டிக் கேட்டால் இன்னொரு பதில் என்பதை அமெரிக்காவும் காட்டுகிறது. காலப் நிறுவனம் 1975 முதல் ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறது. எல்லாச் சூழ்நிலையிலும் அனுமதியா, எதிலும் இல்லையா, சில சூழ்நிலையில் மட்டுமா என்று. கிட்டத்தட்ட பாதிப் பேர் எப்போதும் அந்த நடுப்பதிலில்தான் நிற்கிறார்கள். கட்சிகளோ இரண்டு ஓரங்களுக்கும் போய்விட்டன. 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பைத் தூக்கி எறிந்தபின் கான்சஸ் மாநிலம்தான் முதலில் வாக்களித்தது. குடியரசுக் கட்சியின் கோட்டை அது. மாநில அரசியல் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பை எடுக்கலாமா என்று ஆகஸ்ட் 2ஆம் தேதி கேட்டார்கள். வேண்டாம் என்றவர்கள் 59 சதவீதம். அந்த நவம்பரில் கென்டக்கி, அடுத்த ஆண்டு ஒஹாயோ, 2024ல் மிசௌரி என்று டிரம்புக்கு ஓட்டுப் போட்ட மாநிலங்களே இப்படி வாக்களித்தன. ஃப்ளோரிடாவில் கருக்கலைப்பு உரிமையை 57 சதவீதம் ஆதரித்தும் 60 வேண்டும் என்ற விதியால் தோற்றது. ஒரே சீட்டில் தடை கேட்கும் கட்சிக்கும், தடை வேண்டாம் என்ற பக்கத்துக்கும் ஓட்டுப் போட்டவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை முரண்பட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்சி என்றபோது அவர்கள் மனதில் ஒரு கொடி இருந்தது. தடை என்றபோது மகளோ தங்கையோ இருந்திருப்பாள்.

போலந்து இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் 1956 முதல் அனுமதி இருந்தது. சுதந்திரம் கிடைத்தபின் 1993ல் மூன்றே காரணங்களுக்கு என்று சுருக்கி, அதற்குச் சமரசம் என்று பேர் வைத்தார்கள். 2020 அக்டோபரில் அரசியல் சட்டத் தீர்ப்பாயம் அந்த மூன்றில் ஒன்றையும் வெட்டியது. கருவில் பெரிய குறை இருந்தாலும் கலைக்கக் கூடாது என்றானது. கொரோனாவுக்கு நடுவில் லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மறுவருடம் ப்ஷ்சினா என்ற ஊரில் 22 வாரக் கர்ப்பிணி ஒருத்தி, கரு இறக்கும்வரை மருத்துவர்கள் காத்திருக்கிறார்கள் என்று அம்மாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, ரத்தத்தில் நச்சேறி இறந்தாள். 2023 தேர்தலில் 74 சதவீதம் பேர் திரண்டு வந்து ஆட்சியை மாற்றினார்கள். ஆனாலும் 2024 ஜூலையில் தண்டனையை நீக்கும் மசோதா 215க்கு 218 என்று தோற்றது. மக்கள் மனம் மாறினாலும் சட்டம் தானாக மாறாது. மூன்று ஓட்டு போதும் நிறுத்த.

ஜப்பானைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை, ஏனென்றால் ஆதரவா எதிர்ப்பா என்ற கேள்வியே அங்கே சரியாகப் பொருந்தவில்லை. 1948லேயே அனுமதி வந்துவிட்டது. தெருச்சண்டை கிடையாது. ஆனால் டோக்கியோவின் ஸோஜோஜி கோவிலுக்குப் போனால், சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட, குழந்தைகளைக் காக்கும் பௌத்த தெய்வமான ஜிஸோவின் குட்டிச் சிலைகள் வரிசை வரிசையாக நிற்கும், பக்கத்தில் காற்றாடியோடு. பிறக்காமல் போன பிள்ளைகளுக்காக வைத்தவை. தானாகக் கலைந்ததா, கலைத்ததா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கலைத்தது சரிதான் என்று நினைக்கிற ஒருத்தியே அந்தப் பிள்ளைக்கு ஒரு தொப்பி பின்னிப் போடலாம். எந்தக் கணிப்பில் அவளை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? அதே ஜப்பானில் மணமான பெண் கலைப்பதற்குச் சட்டப்படி கணவனின் ஒப்புதலும் வேண்டும் என்பது இன்றும் இருக்கிறது. இந்த ஒப்புதல் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன்.

சவிதா பெலகாவியிலேயே இருந்திருந்தால்? 17 வாரம் என்பது 1971ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்படி அனுமதிக்குள் வரும். எந்தத் தகுதியுள்ள மருத்துவமனையும் தயங்காமல் செய்திருக்கும். இதைச் சொல்லி இங்கே பலர் பெருமைப்பட்டார்கள், எனக்கும் அந்தப் பெருமை உண்டு. சாந்திலால் ஷா குழுவை 1964ல் அமைத்தார்கள், 1966ல் அறிக்கை வந்தது, 1971ல் சட்டம், 1972 ஏப்ரல் 1 முதல் அமல். அமெரிக்காவின் ரோ தீர்ப்புக்கும் முன்னால். எருக்கங்குச்சியாலும் நாட்டு மருந்தாலும் பெண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பது ஒரு காரணம், ஜனத்தொகை பற்றிய அரசின் கவலை இன்னொரு காரணம். உயிர்கள் பிழைத்தன. அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அயர்லாந்து 35 வருடம் பேசியதை நாம் பேசவே இல்லை. ஊர்வலம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை, வானொலியில் கடிதம் இல்லை. மேலிருந்து சட்டம் வந்தது. அந்தச் சட்டமும் பெண்ணுக்கு உரிமை என்று எழுதப்படவில்லை. இன்னின்ன நிலையில் மருத்துவர் செய்தால் குற்றமாகாது என்று மருத்துவருக்குப் பாதுகாப்பாகத்தான் எழுதப்பட்டது. அதனால் சட்டம் தாராளம், வீட்டுக்குள் வாய் பூட்டு.

எங்கள் கொங்குப் பக்கம் நான் பார்த்தவரை, பாவமா புண்ணியமா என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. யார், எதுக்கு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டு பிள்ளை பெற்ற மருமகளுக்கு மறுபடி நாள் தள்ளிப்போனால், மாமியாரே “கலைச்சுட்டு அப்படியே ஆபரேசனையும் பண்ணிக்க சாமி” என்று கூடவே கிளம்புவார். நாம் இருவர் நமக்கு இருவர் என்று சுவரெல்லாம் எழுதிய காலத்தில் பெற்று வளர்த்தவர்கள் அவர்கள். அதே மாமியாரின் சொந்தத்தில் கல்யாணமாகாத பெண்ணுக்கு என்றால் கதவு சாத்திக்கொள்ளும். அதே சிகிச்சை, அதே வாரம். ஒன்று குடும்பக் கட்டுப்பாடு, இன்னொன்று குடும்பத்துக்கே கேடு. அயர்லாந்தில் இந்த விஷயத்தை மதம் தீர்மானித்தது, அமெரிக்காவில் கட்சி. நம்மிடம் தீர்மானிப்பது தாலி. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 24 வாரம்வரை கலைக்கும் விதியில் மணமானவள், மணமாகாதவள் என்று பிரிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்ததே இதனால்தான். 25 வயதுப் பெண் ஒருத்தி உயர் நீதிமன்றத்தில் தோற்று, அங்கேவரை போய்ப் பெற்றது அது.

இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டில் எந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தாலும் ஒரு பலகை இருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவது சட்டப்படி குற்றம் என்று. பெண் சிசுக்கொலை நடந்த உசிலம்பட்டியையும் சேலத்தையும், 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் வந்தது என்பதையும் அறிந்தவர்கள் அந்தப் பலகையைக் குறை சொல்ல மாட்டார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டம் தேவையானது, இன்றும் தேவை. ஆனால் கரு பற்றி நம் ஊர்ப் பெண் பொது இடத்தில் படிக்கிற ஒரே சட்ட வாசகம் அதுதான். குற்றம், சிறை, அபராதம் என்ற சொற்களை மட்டுமே பார்த்து வளர்ந்தவளுக்கு, கலைப்பதே குற்றம் என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. எனக்குத் தெரிந்த படித்த பெண்கள் பலர் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். விளைவு என்ன? 2015ல் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஏறக்குறைய முக்கால்வாசி, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால். அயர்லாந்துப் பெண்கள் கப்பலேறினார்கள். நம் பெண்கள் தெரிந்தவர் கண்ணில் படாத மெடிக்கலாகத் தேடி அடுத்த ஊருக்கு பஸ் ஏறுகிறார்கள்.

இலங்கையில் அந்த வழியும் இல்லை. பிரிட்டிஷ்காரர்கள் 1883ல் எழுதிய தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டும் என்று இன்றும் நிற்கிறது. 2017ல் பலாத்காரத்துக்கும் பிழைக்காத கருவுக்குமாவது அனுமதிப்போம் என்று அரசு முயன்றபோது, மதத் தலைவர்களின் எதிர்ப்பால் அது கிடப்புக்குப் போனது. பிரிட்டன் தன் சட்டத்தை 1967லேயே தளர்த்திக்கொண்டது. கொடுத்த நாடு மாற்றிக்கொண்ட விதியை வாங்கிய நாடு வைத்திருக்கிறது.

ஒப்புதல் விஷயம். என் தோழி ஒருத்தி, திருப்பூர்ப் பக்கம். இரண்டு பிள்ளைகள். கணவர் மஸ்கட்டில் வேலை, லீவுக்கு வந்துவிட்டுப் போன பின் நாள் தள்ளியது. காப்பர் டி போட்டிருந்தும் தங்கிவிட்டது. இரண்டு பேரும் போனில் பேசி முடிவெடுத்தார்கள். தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு அவளோடு நானும் போயிருந்தேன். விவரமெல்லாம் எழுதிக்கொண்டு, முன்மேசையில் இருந்த அம்மா கேட்டார்.

“வீட்டுக்காரர் வரலீங்களா?”

“அவரு மஸ்கட்ல இருக்காருங்க.”

அந்த அம்மா சீட்டில் இருந்து தலையைத் தூக்கி அவளை ஒரு பார்வை பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார்.

“அவரு கையெழுத்தில்லாமப் பண்ண மாட்டோங்க.”

“வீடியோ கால்ல பேசச் சொல்லட்டுங்களா?”

“போன்லயெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க. மாமனாரையாச்சும் கூட்டிட்டு வாங்க.”

தோழி ஒன்றும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ஸ்கூட்டர் பக்கத்தில் வெயிலில் நின்றாள். “மாமனார்கிட்ட போயி நான் என்னன்னுடி சொல்லுவேன்” என்றாள். அவள் உடம்பு, அவள் வயிறு, அவளுக்கு 34 வயது, ஒரு நிட்டிங் கம்பெனியின் கணக்கு வழக்கு முழுதும் பார்க்கிறவள். 1971ல் நாடாளுமன்றம் அவளுக்குக் கொடுத்ததை ஒரு முன்மேசை திருப்பி வாங்கிக்கொண்டது. ஜப்பானில் கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்கிறது. இங்கே சட்டம் கேட்காததை நாமே கேட்கிறோம். எதிர்த்துப் பேச அன்றைக்கு எங்கள் இருவருக்குமே விதி தெரியாது. அடுத்த வாரம் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் அவளுடைய கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இந்தக் கட்டுரையை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். பேர் போடாவிட்டால் சரி என்றாள். “அந்தக் கையெழுத்துச் சமாச்சாரத்த மட்டும் வெவரமா எழுதீரு, நெறையப் பேருக்குத் தெரியாது” என்றும் சொன்னாள். அதனால் எழுதுகிறேன். 18 வயது நிரம்பிய பெண் என்றால் அவளுடைய ஒப்புதல் மட்டும் போதும். கணவன், மாமனார், அப்பா யாருடைய கையெழுத்தையும் சட்டம் கேட்கவில்லை. 18 வயதுக்குக் கீழே இருந்தாலோ மனநலம் பாதிக்கப்பட்டிருந்தாலோதான் பாதுகாவலர் கையெழுத்து. 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், 20ல் இருந்து 24 வாரம்வரை குறிப்பிட்ட சில நிலைகளில் இரண்டு மருத்துவர்கள். கருத்தடை தவறிவிட்டது என்பதும் ஏற்கப்பட்ட காரணம், 2021 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு மணமாகியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பேரை வெளியே சொல்வது குற்றம், ஓராண்டுவரை சிறை உண்டு. ஒப்புதல் படிவத்துக்கு ‘படிவம் சி’ என்று பேர். அதில் கணவர் கையெழுத்துக்கு இடமே கிடையாது. காட்டச் சொல்லிக் கேளுங்கள்.